ஒன்பதாவது ஆட்டம் வரை

2023 மார்ச் கடைசி ஞாயிறன்று புள்ளிப் பட்டியலில் எங்கள் கிளப்தான் முதலிடம். ஒன்பது ஆட்டம், ஏழு வெற்றி, இரண்டு டிரா, 23 புள்ளிகள். எட்டு அணிகள் ஒன்றோடொன்று இரண்டு முறை மோதும் கால்பந்து லீக் அது. மீதி ஐந்து ஆட்டம். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மேல் டிவிஷன். ஜூனில் லீக் முடிந்தபோது 28 புள்ளிகளோடு மூன்றாவதாக நின்றோம்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கிளப் பையன்களுக்குப் பயிற்சி. தோற்றபோது ஊரில் பலரும் பல காரணம் சொன்னார்கள். வெயில் என்றார்கள், ரெஃப்ரி என்றார்கள், முன்வரிசைக்கு கோல் அடிக்கத் தெரியவில்லை என்றார்கள். எனக்கு எதுவும் ஒப்பவில்லை. வெயில் எட்டு அணிக்கும் ஒன்றுதான். முன்வரிசை கடைசிவரை நன்றாகவே ஆடியது.

ஏப்ரல் முதல் ஞாயிறு எங்கள் ஸ்டாப்பர், அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவன், ஓசூரிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்தான். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அந்த வாரம் முழுக்க நைட் ஷிப்ட். காலையில் ஷிப்ட் விட்டு, அறையில் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறான். "தூங்கினியாடா?" என்றேன். "அதெல்லாம் ஆச்சு சார், ஆடிடலாம்" என்றான். கண் சிவந்திருந்தது. பார்த்துக்கொண்டே இறக்கினேன்.

எங்கள் ஆட்டமே அவன் கால் வேகத்தை நம்பி அமைந்தது. பின்வரிசையில் தடுக்கும் பேக் நால்வரும் நடுக்கோட்டுக்குக் கிட்டே ஏறி நிற்பார்கள். எதிரணி தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டால் அவன் திரும்பி ஓடி எடுத்துவிடுவான். அன்றும் அப்படித்தான் ஓடினான். முப்பதாவது நிமிடம் இருக்கும். பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முழு வேகத்தில் ஓடும்போது, முன்னால் வீசும் காலை இழுத்துப் பிடித்து நிறுத்துவது அந்தப் பின்தசைதான். களைத்துப்போன தசை அந்தப் பாரத்தைத் தாங்காது. கல்லூரியில் படித்த பாடம் இது. பிறகு அவன் அந்தச் சீசனில் ஆடவே இல்லை.

அவன் இடத்தில் பதினேழு வயதுப் பையனை இறக்கினேன். பந்தை நிதானமாகக் கையாளுவான், தலையில் நன்றாக எடுப்பான், ஆனால் வேகம் குறைவு. அவனுக்குத் தோதாக வரிசையைப் பத்து மீட்டர் பின்னால் இறக்கியிருக்க வேண்டும். ஜெயித்துக்கொண்டிருந்த முறையை மாற்ற மனம் வரவில்லை. அந்த ஆட்டம் 1-1. அடுத்ததில் 0-2 தோல்வி; இரண்டு கோலும் அவன் தலைக்கு மேல் தூக்கிப் போட்ட பந்தில் வந்தவை. அதற்கடுத்தது 2-0 முன்னிலையில் இருந்து 2-2.

அதே நாட்களில் பையன்கள் ராத்திரி கண்விழித்து செல்போனில் இங்கிலாந்து கிளப்பான அர்செனல் ஆட்டம் பார்ப்பார்கள். மார்ச் 16 அன்று ஸ்போர்ட்டிங் லிஸ்பனோடு ஆடும்போது அவர்களுடைய ஸ்டாப்பர் சலிபா முதுகில் அடிபட்டு வெளியே போனார். ஏப்ரலில் லிவர்பூலோடும் வெஸ்ட் ஹாமோடும் 2-0 முன்னிலையை விட்டு இரண்டுமே 2-2. கடைசி இடத்தில் கிடந்த சவுத்தாம்ப்டனோடு 3-3. பிறகு மான்செஸ்டர் சிட்டியிடம் 1-4. அந்தச் சீசனில் 248 நாள் முதலிடத்தில் இருந்த அணி, 84 புள்ளிகளோடு இரண்டாவதாக முடித்தது. சலிபா இடத்தில் ஆடிய ஹோல்டிங்கைப் பையன்கள் திட்டித் தீர்த்தார்கள். நானும் கூடவே தலையாட்டினேன். எங்கள் மைதானத்தில் நடப்பதும் அதுவேதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பொதுத்தேர்வுப் பணியால் மூன்று வாரம் என்னால் மைதானத்துக்கு ஒழுங்காகப் போக முடியவில்லை. மே கடைசியில் கிளிமூக்கு மாங்காய் அறுப்பு தொடங்கியது. எங்கள் லெஃப்ட் விங் பையனின் அப்பா தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர். ராத்திரிக் காவல் இவன் தலையில். இன்னும் இரண்டு பேர் மண்டியில் லோடு ஏற்றப் போனார்கள். இந்த மாவட்டத்தில் வருஷாவருஷம் நடப்பதுதான் இது. அந்த வீடுகளுக்கு வருஷத்துக் காசு அந்தச் சில வாரத்தில்தான் வருகிறது. பையன்களை எப்படிக் குறை சொல்வேன்? ஜனவரியிலேயே இதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டியவன் நான். பதின்மூன்றாவது ஆட்டத்தை எப்படியோ 1-0 என்று முடித்தோம். கடைசி ஆட்டத்தில் இடைவேளைக்குப் பிறகு எங்கள் ஆட்களுக்குக் கால் எழவில்லை. 1-2.

லீக் முடிந்த வாரம், யார் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று என் நோட்டுப் புத்தகத்தை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். முதல் ஒன்பது ஆட்டம், 810 நிமிடம். பதினோரு பேரும் ஏறக்குறைய முழு நேரமும் ஆடியிருந்தார்கள். பெஞ்சில் இருந்த நான்கு பேருக்கும் சேர்த்து 140 நிமிடம். அந்தப் பதினேழு வயதுப் பையனுக்கு 22. பிப்ரவரியில் 4-0, 5-1 என்று ஜெயித்த ஆட்டங்களில்கூட ஸ்டாப்பரை வெளியே எடுக்காமல் வைத்திருந்தேன். அவனுக்கு ஓய்வும் இவனுக்குப் பழக்கமும் ஒரே மாற்றத்தில் கிடைத்திருக்கும்.

கடைசி ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அந்தப் பையன் மட்டும் கோல்போஸ்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "சார், முன்னாடியே நாலு மேட்ச் ஆடியிருந்தா எங்க நிக்கணும்னு பிடிபட்டிருக்கும் சார்" என்றான். குரலில் குற்றச்சாட்டு இல்லை. தோற்றது தன்னால்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் தோளைப் பிடித்து, "தப்பு என்மேலடா, உன்மேல இல்ல" என்றேன். நம்பினானா தெரியவில்லை. மறுநாள் பயிற்சியில் எல்லோரையும் உட்கார வைத்து, நோட்டைத் திறந்து, அந்த 22-ஐ வாய்விட்டு வாசித்தேன்.