புன்னை எண்ணெய் கலந்த கதை

மே 2, மண்டபம்
ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மச்சான் விசைப்படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். முனையில் கெட்டிக் கரி, நகத்தால் சுரண்டினால் வரவில்லை. "டீசல் சரியில்ல மாப்ள" என்றார். டீ குடித்து முடிக்கும்போதுதான் உண்மை வந்தது: பங்குனியில் மூன்று பங்கு டீசலுக்கு ஒரு பங்கு புன்னை எண்ணெய் ஊற்றியிருக்கிறார்!

மே 3
"1900-ல பாரிஸ் கண்காட்சியில டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில ஓடுச்சுன்னு நீதான சொன்ன?"
சொன்னேன்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டீசலையும் புன்னை எண்ணெயையும் தனித்தனிக் குப்பியில் எடுத்துக்கொண்டேன்.

மே 7, மதுரை
கல்லூரி ஆய்வகத்தில் டி.ஜி.ஏ. கருவி கிடைத்தது. அடுப்புக்குள் ஒரு தராசு, அவ்வளவுதான்; சூடேற ஏற எடை எப்படிக் குறைகிறது என்று காட்டும். 10 மில்லிகிராம் போதும், குன்றிமணி எடையில் பத்தில் ஒரு பங்குகூட இராது. எரிந்துவிடாமல் இருக்க நைட்ரஜனை ஓடவிட்டு நிமிடத்துக்கு 10 டிகிரி சூடேற்றினேன்.

டீசல் 100 டிகிரிக்கு முன்பே கரையத் தொடங்கி, 270-க்குள் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டது. அது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஒவ்வொன்றும் தன் கொதிநிலை வந்ததும் ஆவியாகிக் கிளம்பிவிடும். புன்னை எண்ணெயோ அதே 270-ல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் லேசான சரிவு மட்டும். அது ஏற்கெனவே பிரிந்து கிடந்த கொழுப்பு அமிலமாக இருக்கும். 350 தாண்டித்தான் மளமளவென்று இறங்கியது. கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலம் கோத்த பெரிய மூலக்கூறு, கொதிப்பதற்கு முன்பே உடைந்துவிடுகிறது.

மே 8
இன்று நைட்ரஜனுக்குப் பதில் காற்றில். எண்ணெயின் எடை ஒரே சரிவாக இல்லாமல் படிப்படியாக இறங்கியது. 450-ல் நிறுத்தித் திறந்து பார்த்தேன், கிண்ணத்தடியில் கறுப்புப் பொருக்கு. 500-க்கு மேல் கொண்டுபோனதும் அதுவும் எரிந்து போனது. இன்ஜெக்டர் முனையில் பார்த்த அதே கரி. இங்கே எரிய நிமிடக்கணக்கில் நேரம் இருக்கிறது, எஞ்சினுக்குள் சில மில்லிசெகண்டுதான்.

மே 12, மண்டபம்
எடை இறங்கிய வரைபடத்தை விரித்துக் காட்டினேன். மச்சானுக்கு முன்னால் அம்மாவுக்குப் புரிந்தது: "அதான் அந்தக் காலத்துல புன்னை எண்ணெ விளக்கு நின்னு எரிஞ்சுது."

"அப்ப சுட வச்சு ஊத்தவா?" என்றார் மச்சான். சூடேற்றினால் பிசுபிசுப்பு குறையும். 40 டிகிரியில் புன்னை எண்ணெயின் பிசுபிசுப்பு டீசலைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் மூலக்கூறு மாறாது. மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து பயோடீசல் ஆக்கலாம். ஆனால் புன்னையில் அமிலம் அதிகம், நேரடியாகக் காஸ்டிக் போட்டால் சோப்புதான் மிஞ்சும். அதோடு மெத்தனால் விஷம், வீட்டில் வேண்டாம் என்றேன்.

கேனில் மிச்சமிருந்ததை அக்கா மூட்டுவலிக்கு எடுத்துக்கொண்டாள். இன்ஜெக்டருக்குப் புது நாசில் (முனை) வாங்க மச்சான் நாளை ராமநாதபுரம் போகிறார். பாதிப் பணம் நான் தரவேண்டுமாம்.