அந்தக் கடைசி ஒரு நிமிசம்: பள்ளிக்கூட ரீவி இடைவேளையத் திரும்பச் செய்து பாக்கிறன்

ஜனவரி 11

கன நாளா மனசுக்குள்ள கிடந்த வேலைய இண்டைக்குத் தொடங்கிட்டன். 1977 இல இருந்து 1983 வரைக்கும் பிபிசி 1 இல பகல் நேரம் பள்ளிக்கூட நிகழ்ச்சியள் போகேக்க, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முந்தின கடைசி நிமிசத்தில திரையில வட்டமாப் புள்ளியள் நிக்கும், பின்னால மெல்லிசா ஒரு வாத்திய இசை போய்க்கொண்டிருக்கும், புள்ளியள் ஒவ்வொண்டா மறைஞ்சுகொண்டு போகும், கடைசிப் புள்ளியும் போக நிகழ்ச்சி தொடங்கும். அவ்வளவுதான். அந்த வட்டத்த மேசையில வைக்கிற அளவில, உண்மையா ஓடுற மாதிரி, இசையோட செய்யோணும்.

ஏன் எண்டு கேக்கிற ஆக்களுக்காக இதக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். 1979 சித்திரையில நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து லண்டன் வந்தனாங்கள், எனக்கு ஏழு வயசு, அக்காவுக்குப் பத்து. டூட்டிங்கில ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில சேத்துவிட்டினம். எனக்கு இங்கிலிஸ் ஒரு சொல்லும் விளங்காது. ரீச்சர் கதைச்சா எல்லாப் பிள்ளையளும் ஒரு பக்கம் திரும்புவினம், நான் ஒரு செக்கன் பிந்தித் திரும்புவன், எல்லாரும் சிரிச்சா நானும் பிந்திச் சிரிப்பன். நாள் முழுக்க அப்பிடித்தான் போகும்.

கிழமையில ரெண்டு மூண்டு தரம் எங்கள பெரிய அறைக்குக் கூட்டிக்கொண்டு போவினம். உயரமான இரும்புக் கால் வைச்ச தள்ளுவண்டியில ரீவி, அதுக்கு ரெண்டு மரக்கதவு, பூட்டு. ரீச்சர் திரைச்சீலைய இழுத்துவிட்டு, கதவத் திறந்து, ரீவியப் போடுவா. நாங்கள் நிலத்தில சப்பாணி கட்டி இருப்பம், எங்கட ஊர்க் கோயில் மண்டபத்தில இருக்கிற மாதிரியே. அப்ப அந்தப் புள்ளி வட்டம் வரும். அந்த ஒரு நிமிசத்தில ஒருத்தரும் ஒண்டும் கதைக்கிறேல்ல, விளங்கிறதுக்கு ஒண்டும் இல்ல, பதில் சொல்லுறதுக்கும் ஒண்டும் இல்ல, முப்பது பிள்ளையளும் நானும் ஒரே விசயத்த ஒரே மாதிரிப் பாத்துக்கொண்டிருப்பம். கடைசிப் பத்துப் புள்ளி வரேக்க எல்லாரும் குசுகுசுத்து எண்ணத் தொடங்குவினம், ரென், நைன், எயிற் எண்டு. வந்து மூண்டாம் கிழமையோ நாலாம் கிழமையோ நானும் சேந்து எண்ணினன். மற்றப் பிள்ளையளோட சேந்து நான் வாய் திறந்து சொன்ன முதல் இங்கிலிஸ் அதுதான்.

வரலாறும் கொஞ்சம். பிரிட்டனில பள்ளிக்கூடத்துக்கெண்டு ரீவி நிகழ்ச்சிய முதல் போட்டது அசோசியேட்டட் ரீடிஃபியூசன் எண்ட ஐரீவி (பிபிசிக்குப் போட்டியான தனியார் சனல்) நிறுவனம், 1957 மே மாசம். அந்த வருசம் இலையுதிர் காலத்தில பிபிசியும் தொடங்கினது. நிகழ்ச்சிக்கு நடுவில இடைவெளி விட்டதுக்குக் காரணம் அலங்காரம் இல்ல, தேவை. அப்ப பள்ளிக்கூடங்களில வீடியோ ரெக்கோடர் இல்ல, போற நேரத்திலதான் பாக்கோணும், தவறினா தவறினதுதான். ஒரு வகுப்பு எழும்பிப் போகோணும், அடுத்த வகுப்ப வரிசையாக் கூட்டி வந்து இருத்தோணும், ரீச்சர் சனல் சரியோ, சத்தம் சரியோ எண்டு பாக்கோணும். அதுக்குத்தான் அந்த இசையும் கணக்கும். புள்ளிக்கு முந்தி, 1974 இல இருந்து, வைர வடிவம் ஒண்டு போனது, அதுக்கும் முந்தி வட்டத்தத் துண்டு துண்டா வெட்டின மாதிரி ஒரு படம். எனக்குப் புள்ளிதான்.

ஜனவரி 25

வட்டம் எரியுது! 15 எல்இடி வைச்ச கால்வட்டத் துண்டு விக்கினம், நாலு வாங்கி ஒட்டினா 60, செக்கனுக்கு ஒண்டு எண்டு வடிவாப் பொருந்தும். நாலு மூட்டுகளையும் ஈயம் வைச்சு ஒட்டுறதுக்கு ஒரு முழுப் பின்னேரம் போச்சுது, ஈயம் பிடிக்கிற பட்டை எல்லாம் மூண்டு மில்லிமீற்றர் கூட இல்ல.

முதல்தரம் எல்லாத்தையும் முழு வெள்ளையில போட, தொடக்கத்தில இருக்கிறது வெள்ளையாவும், போகப் போக மஞ்சளாகி, கடைசி மூட்டில செம்மஞ்சளாவும் எரிஞ்சுது. நிரல்ல பிழை எண்டு ரெண்டு நாள் தேடினன். பிழை மின்சாரத்தில. ஒரு எல்இடி முழு வெள்ளைக்கு 60 மில்லி அம்பியர் இழுக்கும், 60 எல்இடிக்கு 3.6 அம்பியர், என்ர அடாப்டர் குடுக்கிறது 2. போற வழியில வோல்டேஜ் விழ, வெள்ளையச் செய்யிற சிவப்பு, பச்சை, நீலத்தில முதல்ல நீலம் செத்துப்போகும், அதாலதான் மஞ்சளடிக்குது. வெளிச்சத்தக் கால்வாசிக்குக் குறைச்சு, வட்டத்தின்ர எதிர்ப்பக்கத்திலயும் ஒரு வயர் குடுத்தாப் பிறகு 60 உம் ஒரே வெள்ளை.

ஆனா எல்இடி எண்டா கண்ணக் குத்துற ஒரு பொட்டு. எனக்கு வேண்டியது தட்டையான, ஓரம் கூரான, அமைதியான புள்ளி. கறுப்பு மட்டையில சின்ன ஓட்டை 60 போட்டு, பின்னால ட்ரேசிங் பேப்பர் ஒட்டினன். பேப்பர் எல்இடிக்குக் கிட்ட இருந்தா நடுவில மட்டும் எரியும், தள்ளி வைச்சா பக்கத்து ஓட்டைக்குள்ள வெளிச்சம் ஒழுகும், அணைஞ்ச புள்ளியும் மங்கலாத் தெரியும். கடைசியா ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள ஃபோம் பலகையில 60 ஓட்டை துளைச்சு நடுவில வைச்சன், ஒவ்வொரு எல்இடிக்கும் தனிக்கிணறு மாதிரி. இப்ப அறைய இருட்டாக்கிப் பாத்தா அப்பிடியே அந்தத் திரை.

புள்ளி மெல்ல மங்கிறதா, டக்கெண்டு போறதா எண்டும் ரெண்டையும் செய்து பாத்தன். மங்கிறது வடிவு, ஆனா பொய். டக்கெண்டுதான் விட்டிருக்கிறன்.

நேரத்துக்கு: எல்இடியள இயக்கிற ஆர்டுயினோ எண்ட சின்னக் கொம்பியூட்டர் போர்டில நேரம் எண்ணுற செராமிக் துடிப்பான் அவ்வளவு துல்லியம் இல்ல, அதால டிஎஸ்3231 எண்ட மணிக்கூட்டுச் சிப் ஒண்டு போட்டிட்டன், பிரச்சினை தீந்துது.

பெப்ரவரி 8

இசை. அந்தக் காலத்து இடைவேளை இசை கனக்க லைப்ரரி மியூசிக்தான், கேபிஎம், டி வுல்ஃப் போல நிறுவனங்கள் ரீவிக்கும் படத்துக்கும் எண்டே அடிச்சுக் குடுத்த ரெக்கோட். கடையில விக்கிற ரெக்கோட்ட பிபிசி நினைச்சபடி போடேலாது, வாத்தியக்காரற்ற சங்கத்தோடயும் ரெக்கோட் கம்பனியளோடயும் செய்த ஒப்பந்தத்தில எவ்வளவு நேரம் போடலாம் எண்டு அளவு இருந்தது. லைப்ரரி ரெக்கோட்டுக்கு அந்தத் தலையிடி இல்ல. அதாலதான் ஆற்ற பேர் எண்டே தெரியாத, கடையில வாங்கேலாத பாட்டுகள் ஒரு தலைமுறைப் பிள்ளையளின்ர காதில ஒட்டிக்கொண்டு கிடக்கு. நல்ல கைகாரர் வாசிச்சது, மலிவு இசை இல்ல. புல்லாங்குழல், வைப்ரஃபோன் (உலோகத் தட்டுகளத் தட்டி வாசிக்கிறது), நைலோன் கிற்றார், உருண்டு உருண்டு போற பேஸ்.

ஆற்றயும் பாட்டை எடுத்துப் போட எனக்கு விருப்பமில்ல, அந்தக் குணத்தில சொந்தமா ஒண்டு செய்யிறன். முதல்ல நிமிசத்துக்கு 100 தட்டு வேகத்தில வைச்சன், நாலு தட்டு ஒரு பார், அப்ப ஒரு நிமிசத்துக்கு 25 பார் வருது, எட்டெட்டாப் பிரிக்கேலாது. 96 க்கு இறக்கினன், சரியா 24 பார், எட்டு எட்டா மூண்டு அடி. அந்த நாலு தட்டுக் குறைஞ்சதே பாட்டுக்கு ஒரு ஆறுதலக் குடுத்திட்டுது.

இந்த இடத்தில ஐரீவி பக்கத்து ஒரு விசயம் சொல்லாமல் போகேலாது. கிரனாடா எண்ட ஐரீவி நிறுவனம் செய்த "பிக்சர் பொக்ஸ்" எண்ட நிகழ்ச்சி, 1966 இல தொடங்கினது. தொடக்கத்தில கண்ணாடிப் பேழை ஒண்டு மெதுவாச் சுத்தும், பின்னால வாற இசையக் கேட்டு எனக்கு முதுகு சில்லிட்டுப்போகும். அது சாக் லாஸ்ரி எண்ட பிரெஞ்சுக்காரற்ற "மனேஜ்". வாசிக்கிறது கிறிஸ்ரல் பாஷே எண்ட வாத்தியம், பாஷே சகோதரர் ரெண்டு பேர் 1952 இல பாரிசில உருவாக்கினது, கண்ணாடிக் கம்பியள ஈர விரலால தடவ அந்த அதிர்வு இரும்புக்குப் போய்ச் சத்தமா வரும்.

அந்தச் சாயல் என்ர பாட்டின்ர அடியில வேணும் எண்டு வைன் கிளாஸ் ஆறு எடுத்து வைச்சன். எங்கட ஜலதரங்கம் மாதிரித்தான், தண்ணி கூடச் சுருதி இறங்கும், ஆனா தட்டாமல் விளிம்பில ஈர விரலச் சுத்தோணும். அரை மணித்தியாலம் சுத்தியும் ஒரு சத்தமும் இல்ல. காலமை தலைக்கு எண்ணெய் வைச்ச கை. சவுக்காரம் போட்டுக் கழுவி, விரல்ல கொஞ்சம் வினாகிரி தொட்டுச் சுத்தினன், முதல்ல விரல் நுனியில ஒரு பிடிப்பு, தோல் கண்ணாடியில ஒட்டி விட்டு ஒட்டி விட்டு வாறது தெரியும், பிறகு எங்கயிருந்து வருது எண்டு தெரியாமல் அறை முழுக்க ஒரு நாதம். குசினியில நிண்ட மகள் ஓடி வந்து "என்னப்பா அது?" எண்டு கேட்டா. மருந்து குடுக்கிற சிரிஞ்சால அஞ்சு அஞ்சு மில்லியா விட்டு மூண்டு சுரம் பிடிச்சு ரெக்கோட் பண்ணிட்டன்.

இடைவேளையப் பற்றிக் கதைச்சிட்டு அதுக்குப் பிறகு வந்ததச் சொல்லாட்டிச் சரியில்ல. பிபிசியில "லுக் அன்ட் ரீட்" எண்டு வாசிக்கக் கஸ்டப்படுற ஏழு, எட்டு வயசுப் பிள்ளையளுக்கு ஒண்டு போனது, 1967 இல தொடங்கினது. அதில "த போய் ஃப்ரம் ஸ்பேஸ்" எண்ட கதை, 1971 இல வந்ததத் திரும்பவும் 1980 இல புது இசையோட போட்டவை. இசை பாடி கிங்ஸ்லண்ட், பிபிசிக்கு மின்னணு இசை செய்து குடுத்த ரேடியோஃபோனிக் வேர்க்சொப் எண்ட பிரிவில இருந்தவர். விண்வெளியில இருந்து வந்த பெடியன் ஒருத்தன், அவன் கதைக்கிறது ஒருத்தருக்கும் விளங்காது, அவன்ர எழுத்தும் விளங்காது, பிறகு பாத்தா அது கண்ணாடியில பாத்து வாசிக்கிற எழுத்து. நான் அண்டைக்கு வீட்ட போய் அம்மான்ர கண்ணாடிக்கு முன்னால என்ர பேரைத் தமிழில எழுதிப் பிடிச்சுப் பாத்தனான். அந்தப் பெடியன நான் இண்டை வரைக்கும் மறக்கேல்ல.

பெப்ரவரி 22

கொம்பியூட்டரில இருந்து நேராப் போட்டா பாட்டு சுத்தமா இருக்கு, சுத்தம் எனக்கு வேண்டாம். பெரிய டெக்கில கசெற்றில பதிஞ்சு, சின்ன போர்ட்டபிள் பிளேயர் ஒண்டப் பெட்டிக்குள்ள வைச்சு அதில இருந்துதான் போகுது. ரேப்பின்ர அந்தச் சின்ன ஆட்டம், வைப்ரஃபோன் நீட்டி நிக்கேக்க லேசா நடுங்கிறது, அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

அக்கா இப்ப லெஸ்டரில இருக்கிறா, வீணை படிச்சவ. கீபோர்டில செய்த நாளே ஒரு தரம் அனுப்பியிருந்தன், இப்ப ரேப்பில போறதப் போனில போட்டுக் காட்டினன். பத்துச் செக்கன் கேட்டிருப்பா. "தம்பி, சுருதி ஏறிக் கிடக்கு, நீ முந்தி அனுப்பினது இதில்ல" எண்டா. எனக்கு வித்தியாசமே தெரியேல்ல. 3000 ஹேர்ட்ஸ் சத்தம் பதிஞ்ச சோதனை ரேப் ஒண்டு போட்டு அளந்து பாத்தா 3060 காட்டுது. ரெண்டு வீதம் வேகம்! அரைச் சுரத்தில மூண்டில ஒரு பங்கு ஏறியிருக்கு, பாட்டும் ஒரு செக்கனுக்கு மேல முந்தி முடியுது. பிளேயரின்ர மோட்டர் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அதுக்குள்ள திருகாணி. மணிக்கூட்டுக்காரர் பாவிக்கிற மெல்லிய ஸ்குறூட்றைவரால மயிரிழை திருப்ப 3020, இன்னும் கொஞ்சம் திருப்ப 2990, திரும்பி இங்கால கொண்டுவர 3001. அதோட விட்டிட்டன். ரப்பர் உருளையையும் ஐசோப்ரோப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைச்சன், பஞ்சு மண்ணிறமா வந்துது.

மார்ச் 1

அக்கா நேற்று வீட்ட வந்தா. திரைச்சீலைய இழுத்துவிட்டு முழுசா ஓடவிட்டன். 60 புள்ளி, 24 பார், கடைசிப் புள்ளி போக கடைசிச் சுரமும் நிக்குது, ஒரு இமைப் பொழுது கூடப் பிசகேல்ல. அக்கா ஒண்டும் சொல்லேல்ல, இன்னொரு தரம் போடச் சொன்னா. போட்டன்.

"வடிவா இருக்கு. ஆனா அந்தப் பாட்டுகள் முடியிறேல்லயடா," எண்டா. "பாதியில மெல்லமாப் போயிடும். முடியிறத நாங்கள் ஒருநாளும் கேக்கேல்ல."

அவ சொல்லச் சொல்ல எனக்கும் ஞாபகம் வந்துது. உண்மைதான். அந்த ரெக்கோட்டுகள் அந்த நிமிசத்துக்கெண்டு செய்ததில்லத்தானே, எங்கயோ ஒரு இடத்தில தொடங்கி, நிகழ்ச்சி வர அதச் சின்னனாக்கி விட்டிடுவினம். அதுக்குப் பிறகு என்ன சுரம் வந்தது எண்டு எங்களுக்குத் தெரியாது, வகுப்பில ஒருத்தருக்கும் தெரியாது. ராத்திரி இருந்து இன்னும் எட்டுப் பார் எழுதிச் சேத்தன், 32 பார், 80 செக்கன். புல்லாங்குழல் புதுசா ஒரு அடி தொடங்குற இடத்தில 60 வரும், அதில சத்தம் இறங்கும், ரேப் உள்ளுக்க தன்ர பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். காலமை அக்காவுக்குப் போட்டுக் காட்டினன். "ஓம்" எண்டா, அவ்வளவுதான், கண் கலங்கியிருந்தது.

மிச்சம் இருக்கிறது மரக்கதவு. 6 மில்லிமீற்றர் பலகையில ரெண்டு வெட்டி, சின்னப் பித்தளைப் பிணைச்சலும் வாங்கி வைச்சிருக்கிறன். என்ன நிறம் அடிக்கிறது எண்டு அக்காவக் கேட்டன்.

"எந்தக் கதவு?"

"ரீவிப் பெட்டிக் கதவு, ரீச்சர் சாவி போட்டுத் திறக்கிறது."

"கதவே இருக்கேல்ல தம்பி. பச்சைத் துணி ஒண்டு போட்டு மூடியிருந்தது, நான் எத்தின தரம் மடிச்சு வைச்சனான்."

அவ மேல்வகுப்பு, ஒருவேளை பள்ளிக்கூடத்தில ரெண்டு ரீவி இருந்திருக்கும். கதவ நான் பொருத்தத்தான் போறன். அக்கா தன்ர பழைய சட்டைத் துணியில பச்சை கிடக்குதாம், அடுத்த மாசம் வரேக்க தைச்சுக்கொண்டு வாறன் எண்டு அளவு கேட்டா. நீளம் 34, அகலம் 34, உயரம் 12 சென்ரிமீற்றர் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறன்.