கஸ்ஸரோத் தெருவில் யூலை

4 யூலை

நான் பராமரிக்கும் வீட்டு அம்மா, இதய நோயாளியான சிஞ்ஞோராவின் காலை எடை 58.4 கிலோ. உடம்பில் நீர் தேங்கினால் அது ஏறும். கணுக்காலில் விரலால் அழுத்தினால் விழும் குழி நேற்றைவிட விரைவாக நிரம்புகிறது. சிஞ்ஞோராவுக்கு இந்தக் கணக்கில் அக்கறை இல்லை. பதினான்காம் தேதி இரவு, சிசிலியின் பலெர்மோ நகரத்துக் காவல் புனிதை ரொசாலியாவின் தேர் எங்கள் பல்கணிக்குக் கீழே எத்தனை மணிக்கு வரும் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். அரண்மனைப் பக்கமிருந்து புறப்பட்டு, பேராலயத்தைத் தாண்டி, சனத்துக்குள் ஊர்ந்து ஊர்ந்து இந்தத் தெருவில் இறங்கி, குவாத்ரோ கான்திச் சந்தியில் நின்று, போர்தா ஃபெலீச்சே வாசலைக் கடந்து கடற்கரைக்குப் போகும் தேருக்கு நேரம் குறித்துக் கொடுக்க இந்தப் பலெர்மோவில் யாரால் முடியும் என்று கேட்டேன். அப்படியானால் பின்னேரமே கதிரையைப் போட்டு வை என்றார்.

5 யூலை

சிரோக்கோ என்கிற தெற்கத்தி வெக்கைக் காற்று வீசுகிறது. யன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு இருட்டில் இருக்கிறோம்.

6 யூலை

பல்லரோச் சந்தையில் நத்தைகள் வந்துவிட்டன. கூடையின் விளிம்பேறித் தப்பப் பார்ப்பவற்றை விற்பவர் கதைத்தபடியே எடுத்து மறுபடி உள்ளே போடுகிறார். விழா நாட்களில் இவற்றை உள்ளியும் பார்ஸ்லியும் ஒலிவ் எண்ணெயும் சேர்த்துச் சமைத்து, தெருவோரத்தில் நின்று சத்தமாக உறிஞ்சித் தின்பது இந்த நகரத்தாரின் உரிமை. சத்தமில்லாமல் தின்பவரை வெளியூரார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நெத்தலியும் பாற்கட்டியும் வெங்காயமும் பரப்பிச் சுடுகிற ஸ்ஃபின்ச்சோனே ரொட்டி, வறுத்த கொண்டைக்கடலை, பூசணி விதை, அவித்த சோளம் என்று, வத்தகப்பழம் ஒன்றைத் தவிர இந்த விழாவின் உணவெல்லாம் உப்பு. இங்கேயோ வைத்தியர் ஒரு நாளைக்கு அனுமதித்த உப்பை நான் சிறு கரண்டியால் அளந்து மூடி வைக்கிறேன். சிஞ்ஞோரா அந்த மூடியைப் பார்க்கிற பார்வை நல்லதாக இல்லை.

7 யூலை

ஞாயிறு. பிற்பகல் ஓய்வில் ரொசாலியாவின் குகைக் கோயில் இருக்கிற மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு நடந்தே ஏறினேன். பாதையில் வழக்கம்போல நம்மவர்கள்: சைவர்கள், கத்தோலிக்கர்கள், தோளில் பிள்ளையோடு சிலர், வெறுங்காலோடு சிலர். குகைக் கோயிலின் பாறைக்கூரை எந்நேரமும் கசிந்துகொண்டிருப்பதால், வருபவர்களின் தலையில் விழாதபடி தகரப் பீலிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தி அந்த நீரைச் சேர்க்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னே, கிரெகோரியோ தெதெஸ்கி செதுக்கிய பளிங்கு ரொசாலியா, பூர்போன் அரசர் கார்லோ கொடுத்த பொன் அங்கியோடு சாய்ந்து கிடக்கிறாள். சிஞ்ஞோராவுக்காகக் கேட்கத்தான் போனேன். ஆனால் நின்ற நேரம் முழுவதும் சவர்க்கார வியாபாரி வின்சென்சோ பொனெல்லியின் நினைவே என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.

1624இல் துனிஸிலிருந்து வந்த கப்பலோடு கொள்ளைநோய் இந்த நகரத்தில் இறங்கியது. அப்போது ஸ்பானிய அரசரின் பிரதிநிதியாக இருந்த எமானுவேலே ஃபிலிபெர்தோவே ஆகஸ்டில் அதற்குப் பலியானார். யூலை 15 அன்று இந்தக் குகையில் எலும்புகள் கிடைத்தன. அவை பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கே தனித்துத் தவமிருந்த பிரபு வீட்டுப் பெண் ரொசாலியாவுடையவைதாமா என்று வைத்தியர்களும் இறையியலாளர்களும் மாதக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருக்க, கீழே சனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். மனைவியை நோய்க்குப் பறிகொடுத்த பொனெல்லி, 1625 பெப்ரவரியில், இந்த மலையிலிருந்து குதித்துச் சாகலாம் என்று ஏறி வந்தபோது ரொசாலியா எதிரே தோன்றி, எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுபோகும்படி கர்தினாலிடம் சொல்லச் சொன்னாள் என்பது மரபு. அவர் சொன்னார், சொல்லிவிட்டு அதே நோயில் இறந்தார். யூன் 9 அன்று ஊர்வலம் போயிற்று, நகரம் பிழைத்தது, அந்த நன்றிதான் இன்றுவரை விழா. செய்தி கொண்டுபோனவரை மட்டும் அவள் ஏன் விட்டுவிட்டாள்?

9 யூலை

மருந்து வாங்கப் போகையில் குவாத்ரோ கான்தியில் அண்ணாந்து பார்த்தேன். அடியில் பருவங்கள் நான்கின் நீரூற்றுகள், நடுவில் ஸ்பானிய அரசர்கள், உச்சியில் நகரத்தின் பழைய காவலர்களான அகாதா, கிறிஸ்தீனா, நின்ஃபா, ஒலீவா. 1608இல் தொடங்கிய இந்தக் கட்டட வேலையில் நால்வரும் உறுதியாக இடம் பிடித்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் நோய் வந்தது, ரொசாலியாவும் வந்தாள், தேர் அவளுக்கு என்றாயிற்று. இன்றும் அந்த நால்வரின் காலடியில்தான் அவளுடைய தேர் நின்று பூ வாங்குகிறது. இதைச் சிஞ்ஞோராவிடம் சொன்னபோது, "நோய் வந்த நேரம் நால்வரும் உதவவில்லை, ஆளை மாற்றினோம், இதில் என்ன இருக்கிறது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இரவு பாத்திரம் கழுவும்போது அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

10 யூலை

மகன் மிலானோவிலிருந்து தொலைபேசினார். பதின்மூன்றாம் தேதி வருகிறாராம். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

11 யூலை

வைத்தியர் வந்தார். நெரிசல், வெக்கை, வெடிச்சத்தம், நள்ளிரவு வரை விழிப்பு, இவை ஒன்றும் இந்த இதயத்துக்கு ஆகாது, பல்கணிக் கதவைச் சாத்திவிட்டுப் படுக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான், சிஞ்ஞோரா 1783க்குப் போய்விட்டார். அந்த ஆண்டு அரசப் பிரதிநிதி கராச்சோலோ, ஐந்து நாள் விழாவை மூன்றாகக் குறைத்துப் பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தாராம். மெஸ்ஸினாவும் கலாப்ரியாவும் நிலநடுக்கத்தில் இடிந்து கிடந்த நேரம் அது. விழா, இல்லையேல் உன் தலை என்று சனங்கள் எழுதி ஒட்டினார்கள், அவர் பின்வாங்கினார். இதை முழுவதும் மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்து, வைத்தியரின் தலையைக் கூர்ந்து பார்த்தார். வைத்தியரும் இந்த ஊர்க்காரர்தான். உள்ளே கதிரையில் அமர்ந்து கதவு வழியாகப் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். கராச்சோலோ கேட்டதில் நியாயம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். இந்த வீட்டில் அதைச் சொல்ல மாட்டேன்.

12 யூலை

எடை 60.1. தாதிக்குத் தொலைபேசினேன், வைத்தியரிடம் கேட்டுச் சொன்னார்: சலம் போகும் குளிசை இன்றும் நாளையும் கூடுதலாக ஒன்று. எப்படி ஏறியது என்று தேடியதில், கட்டிலடியில் எண்ணெய்க் கடதாசியும் அதில் ஸ்ஃபின்ச்சோனேத் துணுக்குகளும் கிடந்தன. மேல்மாடிப் பெண்மணி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அவரிடம் போய்க் கோபமாகவே கதைத்தேன். விழா வாரத்தில் ஒரு துண்டு தின்னக் கூடாதா என்று அவர் கேட்டார், அதுவும் உண்மையாகவே வியந்து. மகன் வந்து தராசைப் பார்த்தால் என்னைத்தானே கேட்பார்.

13 யூலை

எடை 59.3. மகன் வந்துவிட்டார். தராசைப் பார்க்கவில்லை, சுவர்களைப் பார்த்தார், அலுமாரிகளைத் திறந்து பார்த்தார். சாப்பாட்டு மேசையில், தேர் உயரமாக இருப்பதால்தான் போர்தா ஃபெலீச்சேயின் இரண்டு தூண்களுக்கு மேலே வளைவு கட்டாமல் விட்டார்கள் என்று தன் மனைவிக்குச் சொன்னார். சிஞ்ஞோரா உடனே திருத்தினார்: வாசலைத் தொடங்கியது 1582இல், முதல் ஊர்வலம் 1625இல், வராத தேருக்கு யாரப்பா வழி விட்டது? வாசல் முடிந்தது 1637இல் என்பதால் மகன் சொல்வதிலும் ஏதாவது இருக்கலாம். பொனெல்லிக்கு இந்த நகரத்தில் எங்காவது ஒரு வாசல் உண்டா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

14 யூலை, நள்ளிரவுக்குப் பின்

எடை 58.9. கதிரையைப் பின்னேரமே போட்டேன். பத்து மணிக்குத் தெரு நிலமே தெரியாத அளவுக்குச் சனம். அதன்பிறகும் தேர் வரவில்லை. சிஞ்ஞோரா நான்கு முறை மணி கேட்டு, ஐந்தாவது முறை ரொசாலியாவை வைதார். பிறகு முரசுகள் கேட்டன. கப்பல் வடிவத் தேர் எங்கள் வீட்டுக்கு நேரே வந்து ஏனோ தரித்து நின்றபோது, உச்சியில் நின்ற உருவத்தின் முகம் எங்கள் இரண்டாம் மாடிக்குச் சரிமட்டமாக இருந்தது. வைத்தியர் சொன்னது, நான் சொன்னது, மகன் சொன்னது எல்லாவற்றையும் மீறி அவர் எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு பல்கணிக் கம்பி வரை நடந்தார். கும்பிடுவார் என்று நினைத்தேன். "இந்த நேரத்துக்கா வருவது?" என்று கேட்டார், அவ்வளவே. சந்தியில் நகரபிதா தேரில் ஏறிப் பூவை வைத்து, பலெர்மோவும் சாந்தா ரொசாலியாவும் வாழ்க என்று முழங்கியது தெரு வழியே எங்கள் வரைக்கும் வந்தது. தெரு திருப்பி முழங்கியது, சிஞ்ஞோராவும் அந்தக் குரலில் எவ்வளவு மிச்சமோ அவ்வளவையும் போட்டு முழங்கினார். நாடி 104. கடற்கரையில் வாணவேடிக்கை தொடங்கியதும் நான் குசினிக்குள் போய்விட்டேன். யூலையில் வெடிச்சத்தம் கேட்டால் நான் அப்படித்தான்.

15 யூலை

எடை 59.0. நாடி 82. தேரைப் போல ஆரவாரமில்லாமல், 1631இல் செய்த வெள்ளிப் பேழையில் எலும்புகள் இன்று ஊர்வலமாகப் போகின்றன. எனக்கு நேற்றைவிட இன்றுதான் பிடிக்கும், ஏனென்றால் பொனெல்லியிடம் ரொசாலியா சொல்லி அனுப்பிய ஊர்வலம் இதுதான், மற்றதெல்லாம் பின்னால் வந்த அலங்காரம். சிஞ்ஞோரா நாள் முழுவதும் நித்திரை. நான் எழுப்பவில்லை, எழுப்பியிருக்க வேண்டும் என்று மகன் சொன்னார், எழுப்பியிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்.

16 யூலை

எடை 58.8. மகன் மிலானோவுக்கு மூன்று விமானச் சீட்டுகள் எடுத்திருக்கிறார், மாதக் கடைசிக்கு. அவர், மனைவி, சிஞ்ஞோரா என்று கணக்குச் சரியாக வருகிறது. சிஞ்ஞோராவுக்கு இன்னும் சொல்லவில்லையாம், நானே மெதுவாக எடுத்துச் சொன்னால் கேட்பாராம். நாளைக் காலை எடை பார்த்த பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன்.