அம்புக்குறி காட்டும் பக்கம் பாதை இருக்காது

கார்மின் ஈட்ரெக்ஸ் 10 போன்ற, தெரு வரைபடம் இல்லாத சின்ன ஜீபிஎஸ் கருவி இலங்கை மலையகத்தில் நடக்கப் போதுமா? தாராளமாகப் போதும். ஆனால் ஓர் இடத்தைத் தெரிவுசெய்து ‘கோ’ கொடுத்ததும் வரும் அம்புக்குறி நேர்கோட்டை மட்டுமே காட்டும். எதிர்ப்பக்கத்து லயம் 600 மீற்றர் என்று திரை சொல்லும். நடுவில் ஓடையும் செங்குத்துப் பள்ளமும் கிடந்தால், ரோட்டால் சுற்றிப் போக மூன்று கிலோமீற்றர் ஆகலாம். அம்பை நம்பித் தேயிலைக்குள் இறங்குபவர் வடிகானில் கால் விட்டுத்தான் நிற்பார்.

ஆகவே போய்ச்சேரும் இடத்தை மட்டும் குறித்து வைத்துப் பயனில்லை. பாதை பிரியும் சந்தி, பாலம், காட்டுக்குள் நுழையும் வாய், கடைசியாகத் தண்ணீர் பிடிக்கும் இடம் எல்லாவற்றையும் ஏறும்போதே குறிக்க வேண்டும். ஈட்ரெக்ஸில் முன்பக்கக் குமிழை அழுத்திப் பிடித்தால் புள்ளி பதிவாகும். 001, 002 என்று அது போடும் பெயரை அங்கேயே நின்று மாற்றுங்கள். பின்னேரம் மூடுபனி இறங்கிய பிறகு 007 எது என்று யாருக்கும் ஞாபகம் வராது. நடந்த தடத்தைக் கருவி தானாகப் பதியும். புறப்படுமுன் பழைய தடத்தை அழித்துவிட்டால், திரும்பும்போது ‘ட்ராக்பேக்’ கொடுத்து வந்த வழியே இறங்கலாம். கிரிகல்பொத்தை போன்ற நீண்ட புல்வெளிப் பாதைகளுக்கு இதுதான் உயிர். சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் படிக்கட்டில் ஏறுபவருக்குக் கருவியே வேண்டாம்.

மாதக்கணக்கில் அணைந்து கிடந்த கருவியை வெளியில் வானம் தெரியும் இடத்தில் கால் மணி நேரம் வைத்திருங்கள். எந்தச் செய்மதி எங்கே என்று சொல்லும் முழு அட்டவணையை வானிலிருந்து இறக்கவே பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும். மூடுபனி சமிக்ஞையைத் தடுக்காது. தடுப்பவை பாறைச் சுவரும், நனைந்த அடர்ந்த இலையும், உங்கள் உடம்பும்தான். காற்சட்டைப் பையில் போடாமல் தோள்பட்டையில் மாட்டுங்கள். பாறை அடியில் சமிக்ஞை எதிரொலித்து வருவதால், நின்ற இடத்திலேயே புள்ளி அங்குமிங்கும் தாவும், அப்போது குறிக்காதீர்கள்.

அடிப்படைக் கருவியில் மின்திசைகாட்டி கிடையாது. நின்றால் அம்பு சுழலும். சில அடிகள் நேராக நடந்தால்தான் சரியாகும். ஒரு காந்தத் திசைகாட்டியும் பையில் இருக்கட்டும்.

ஆள்கூறுகளில்தான் பெரிய பிழை நடக்கும். 6°48' என்பதை 6.48 பாகை என்று அடித்தால் 35 கிலோமீற்றர் தெற்கே போய்விடுவீர்கள், சரியானது 6.80. பாகையா, பாகை-நிமிடமா என்று செற்றிங்கில் முதலே பாருங்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளோடு ஒப்பிடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அது கண்டவளை ஆதாரத்தில் (ஆள்கூறுகளைக் கணக்கிடும் அடிப்படை) வரைந்தது, கருவி டபிள்யூஜீஎஸ் 84 என்ற வேறு ஆதாரத்தில் இருக்கும். மாற்றாமல் விட்டால் நூறு மீற்றருக்கு மேல் விலகும். செற்றிங்கின் ஆதாரப் பட்டியலில் கண்டவளை என்ற பெயரே இருக்கிறது. கருவி சொல்லும் உயரத்தைப் பெரிதாக நம்பவேண்டாம். வரைபடத்தில் நிற்கும் இடத்தைவிட உயரத்தில் பிழை அதிகம்.

இரண்டு டபுள் ஏ பற்றரி போதும். அல்கலைனா, சார்ஜ் ஏற்றுவதா என்பதைச் செற்றிங்கில் சொல்லாவிட்டால் மீதி அளவு பொய் காட்டும். தோட்டத்துக் கடையில் கிடைக்கும் மலிவான சாதாரண பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும். உபரி ஜோடியை பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். மழையில் மூடியைத் திறக்க நேர்ந்தால் குடைக்குள்ளே வைத்துத் திறந்து, ரப்பர் விளிம்பில் மண் ஒட்டாமல் துடைத்துவிட்டு மூடுங்கள்.