எரிமலைக் குழம்புக்குப் பம்ப் வைத்தவர்கள்

ஐஸ்லாந்து போய் வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் வடதுருவ ஒளி பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறார்கள். மேகம் மூடியிருந்தது, பார்க்கவில்லை. பெரிய வருத்தமும் இல்லை. பம்ப் செட் வேலையிலேயே தலை நரைத்த ஆள் நான். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது ஹெய்மேய் என்ற குட்டித் தீவு.

மகன் கார் ஓட்ட, தென்கரையோரமாகப் போனோம். கண்ணுக்கு எட்டிய வரை கறுப்பு மணல். பனிமலைகளிலிருந்து இறங்கும் ஆறுகள் மண்ணை அடித்து வந்து கொட்டிக்கொண்டே இருப்பதால், அந்த நீளக் கரையில் நல்ல துறைமுகம் இயற்கையாக அமையவே இல்லை. எதிரே கடலில் இருக்கும் ஹெய்மேய்க்குத்தான் அந்தக் கொடுப்பினை. மீன்பிடியை நம்பி வாழ்ந்த நாட்டில் அது எவ்வளவு பெரிய சொத்து!

1973 ஜனவரி 23, அதிகாலை 2 மணி வாக்கில் ஊரின் கிழக்கு விளிம்பில் பூமி ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து நெருப்பைக் கக்கியது. ஊரில் சுமார் 5,300 பேர். முந்தின நாள் புயல் அடித்ததால் படகுகள் எல்லாம் துறையிலேயே கட்டிக் கிடந்தன. அந்தப் புயல்தான் ஊரைக் காப்பாற்றியது என்பேன். சில மணி நேரத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் படகேறி விட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் என் சப்ஜெக்ட். குழம்பு வீடுகளை விழுங்கியபடி துறைமுக வாயை நோக்கி நகர்ந்தது. வாய் அடைபட்டால் ஊருக்கு மீள வழியே இல்லை. தோர்பியோர்ன் சிகுர்கெய்ர்சன் என்ற இயற்பியலாளர், கடல்நீரை அடித்துக் குழம்பின் முகப்பை உறைய வைக்கலாம் என்றார். உறைந்த முகப்பு அணையாக நின்று, பின்னால் வருவதைத் தடுக்கும் என்பது கணக்கு. முதலில் சின்ன பம்புகள். மார்ச்சில் மணல் அள்ளும் கப்பல் ஒன்று. பிறகு அமெரிக்காவிலிருந்து பெரிய பம்புகள். மொத்தம் 60 லட்சம் கன மீட்டருக்கு மேல் தண்ணீர் அடித்திருக்கிறார்கள்.

குழாய்தான் என்னை அசத்தியது. நகர்ந்துகொண்டிருந்த குழம்பின் மேலேயே புல்டோசரால் பாதை போட்டு, பிளாஸ்டிக் குழாய்களை இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே குளிர்ந்த நீர் ஓடும் வரை குழாய் உருகாது. ஓட்டம் நின்றால் முடிந்தது கதை. பம்ப் நின்றால் திட்டு வாங்கும் தொழிலில் இருந்தவனுக்கு, அங்கே நின்ற ஆபரேட்டர்களின் நெஞ்சிடிப்பு தெரியும்.

தண்ணீர்தான் நிறுத்தியதா, எரிமலை தானாகவே ஓய்ந்ததா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தண்ணீர் பட்ட இடத்தில் குழம்பு தடித்து மெதுவானது உண்மை. என் ஓட்டு பம்புக்கே.

இதே நாட்டில் 1783-ல் லாகி என்ற எரிமலைப் பிளவு எட்டு மாதம் பொங்கியபோது பம்பும் இல்லை, ஓடிப்போக இடமும் இல்லை. நச்சுப் படிந்த புல்லைத் தின்று ஆடுமாடுகள் மடிய, பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒருவர் செத்துப்போனார். யோன் ஸ்டெய்ன்கிரிம்சன் என்ற பாதிரியார் தேவாலயத்தில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, குழம்பு ஊருக்கு வெளியே நின்றுவிட்டதாக இன்றும் சொல்கிறார்கள்.

ஹெய்மேயில் ஜூலை தொடக்கத்தில் எரிமலை அடங்கியது. சுமார் 400 வீடுகள் போயின. துறைமுகம் பிழைத்தது மட்டுமல்ல, புதிதாக உறைந்த பாறை அலைத்தடுப்பாக நிற்பதால் முன்பைவிடப் பாதுகாப்பாகவும் ஆகிவிட்டது. ஊர் திரும்பியவர்கள் அடுத்த வேலையாக, உள்ளே கனன்றுகொண்டிருந்த பாறையின் சூட்டில் தண்ணீரைக் காய்ச்சிக் குழாய் வழியே வீடுகளுக்கு விட்டார்கள். பல ஆண்டுகள் ஊரின் குளிருக்கு அந்தச் சூடுதான். நம்ம ஆள் எவனோ ஒருத்தன் யோசித்திருக்கிறான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.