ஆப்பிரிக்க வரலாற்றுத் தாள்: என் அரியரைத் தீர்த்த நைல் நதி

போன முறை 38, இந்த முறை 67. முதுகலை வரலாற்றில் எனக்கு மிச்சமிருந்த ஒரே அரியர் இதுதான். முடிவு வந்து மூன்று நாளாகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் முறை என்னைக் கவிழ்த்தது ஒரே வாக்கியம் என்று இன்றும் நம்புகிறேன்: ‘1884-85 பெர்லின் மாநாட்டில் ஐரோப்பியர் ஆப்பிரிக்காவைப் பங்கிட்டுக்கொண்டனர்.’ அதை நம்பி நான்கு பக்கம் எழுதினேன். அந்த மாநாடு வகுத்தது விதிகளைத்தான்: காங்கோ, நைஜர் ஆறுகளில் தடையற்ற போக்குவரத்து, கடற்கரையில் புதிதாக உரிமை கோருபவர் அங்கே அதிகாரத்தை நிலைநாட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை. பெரும்பாலான எல்லைகள் பிறகுதான் வந்தன, ஒப்பந்தங்களாலும் படையெடுப்புகளாலும்.

எனக்கு ஆண்டுகள் தனித்தனியாக மனத்தில் நிற்காது. ஆகவே இம்முறை வெள்ளைத்தாளில் நைல் நதியை மட்டும் வரைந்து, அதன் கரையோரம் படைகளை நடக்கவிட்டேன். 1869இல் சூயஸ் கால்வாய் திறப்பு. 1882இல் தெல்-எல்-கபீரில் எகிப்தியத் தளபதி உராபி பாஷா தோற்க, எகிப்து பிரிட்டனின் பிடிக்குள் போகிறது. 1896 மார்ச் 1 அன்று அட்வாவில் எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக்கின் படை இத்தாலியரை நொறுக்குகிறது. அதே மாதம் லண்டன், சூடானுக்குள் படை நகர உத்தரவிடுகிறது. இத்தாலியருக்கு நெருக்கடியைக் குறைப்பதும் அதற்கு ஒரு காரணம். எத்தியோப்பியாவின் வெற்றி சூடானின் தலையில் விடிந்தது! இந்தத் தொடர்பு பிடிபட்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பாலைவனத்தில் ரயில் பாதை போட்டுக்கொண்டே போன பிரிட்டிஷ் தளபதி கிச்சனர், 1898 செப்டம்பர் 2 அன்று ஓம்துர்மானில் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளால், சூடானை ஆண்ட மஹ்தியரின் படையை அழித்தார். பதினேழு நாள் கழித்து, மேல் நைல் கரையிலுள்ள ஃபஷோடாவில் பிரெஞ்சுத் தளபதி மார்ஷாந்தின் எதிரே நின்றார்.

கேள்வித்தாளில் ஃபஷோடா வந்தது. மற்ற கேள்விகளைப் பிறகுதான் படித்தேன்.

இனி, சுருக்கமாக:

- குழுவாகப் படிக்காதீர்கள். எங்கள் குழு டீக்கடையைத் தாண்டவில்லை.
- எதிர்த்து நின்றவர்களைக் கடைசிப் பத்திக்குத் தள்ளாதீர்கள். ஜூலுக்கள் பிரிட்டிஷ் படையை வென்ற இசாண்டில்வானா (1879), ஜெர்மானியர் ஆட்சியை எதிர்த்த மாஜி மாஜி கிளர்ச்சி (1905-07) இரண்டும் விடையின் நடுவில் வரட்டும்.
- ஒப்பந்தங்களில், இத்தாலிக்கும் எத்தியோப்பியாவுக்கும் இடையிலான உச்சாலியை (1889) விடாதீர்கள். அதன் 17ஆம் பிரிவு அம்ஹாரிக்கில் ஒன்றும் இத்தாலியத்தில் வேறொன்றும் சொன்னது. அட்வாவுக்கு வித்து அங்கேதான்.
- வரைபடத்துக்குச் சீவிய பென்சில் மூன்று கொண்டுபோங்கள். எனக்கு இரண்டாவதும் ஃபஷோடாவில் முனை ஒடிந்தது.