மிருதங்கக்காரர் குருமூர்த்தி

டெல்லி கணேஷ் காலமான செய்தி 2024 நவம்பரில் வந்தபோது திருகோணமலையில் மாரிகாலம் தொடங்கியிருந்தது. அடுப்படியில் நின்ற அம்மா, “அந்த மனுசனும் போயிட்டாரோ?” என்று, எங்கள் ஒழுங்கையில் ஒருவர் போனதைக் கேட்டவர் போலக் கேட்டார். நானூறுக்கும் மேற்பட்ட படங்களிலும் பல தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்த ஒருவரை அம்மா ஒருபோதும் நடிகராக நினைத்ததில்லை.

நான் அவரைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கியது ஒரு சிவராத்திரியில். தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் மின்பிறப்பாக்கியையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடியும்வரை நான்கு படங்களைத் தொடர்ந்து பார்த்த காலம் அது. 1985 இல் வெளிவந்த ‘சிந்து பைரவி’ அன்று மூன்றாவது படமாக ஓடியது. கச்சேரிக்குக் குடித்துவிட்டு வந்த மிருதங்கக்காரர் குருமூர்த்தியை, அதாவது டெல்லி கணேஷை, விலக்கிவிட்டு, பாடகர் ஜே.கே.பி. மிருதங்கம் இல்லாமலேயே பாடுகிற இடம் வந்ததும், கோயில் திருவிழாக்களில் மிருதங்கம் வாசித்துவந்த பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “வடிவாப் பார். குடிகாரனா நடிக்கேல்ல; குடிச்சதை மறைக்கப் பார்க்கிறவனா நடிக்கிறார்” என்றார். பின்பு அதே பாடகர் குடியில் மூழ்கி மதிப்பிழக்கும்போது அந்த வீழ்ச்சி நமக்கு அவ்வளவு கனப்பதற்குக் காரணம், குருமூர்த்தி பட்ட அவமானத்தை நாம் முன்பே பார்த்துவிட்டதுதான் என்று இன்றும் நம்புகிறேன். கதாநாயகனின் கதைக்கு வேண்டிய பாரத்தைத் தாம் முன்கூட்டியே சுமந்துகொடுப்பதே குணச்சித்திர நடிகரின் வேலை. அதை அவர் அளவுக்குச் சத்தமில்லாமல் செய்தவர்கள் மிகச் சிலரே.

1944 இல் நெல்லைச் சீமையில் பிறந்த கணேசன், பத்து ஆண்டுகள் இந்திய விமானப் படையில் பணியாற்றினார்; டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் நாடகங்களில் நடித்தார். 1977 இல் ‘பட்டினப் பிரவேசம்’ மூலம் அவரைத் திரைக்குக் கொண்டுவந்து, பெயரோடு டெல்லியையும் சேர்த்துவைத்தவர் கே. பாலசந்தர்.

இரண்டே ஆண்டுகளில் ‘பசி’ வந்தது. அதில் ஷோபாவின் தந்தையாக, சென்னைச் சேரியில் வாழும் ரிக்‌ஷாக்காரராக நடித்தார். தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்தது. அவருடைய படங்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமுள்ளவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ‘நாயகன்’ படத்தில் வேலுவின் நிழலாக நிற்கும் ஐயரும், ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தின் வில்லன்களில் ஒருவரும், ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தின் பாலக்காட்டுச் சமையற்காரர் மணி ஐயரும் ஒருவரே என்பதைச் சிறுவயதில் நான் அறிந்திருக்கவில்லை. 1987 இலிருந்து 1990 வரையான நான்கே ஆண்டுகளுக்குள் வெளிவந்த படங்கள் இவை. ஒப்பனையைவிடப் பேச்சுத்தான் அவரை ஆளுக்கு ஆள் மாற்றியது. சேரித் தமிழும் பாலக்காட்டுத் தமிழும் ஒரே வாயிலிருந்து பிசிறில்லாமல் வந்தன.

செய்தி வந்த அன்றிரவு, ‘மைக்கேல் மதன காமராஜ’னைப் போடச் சொன்னார் அம்மா. கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் கிடக்கிற காட்சி வந்தது. எத்தனையோ தடவை கமல்ஹாசனைப் பார்த்துச் சிரித்த அந்த இடத்தில், நாங்கள் இருவரும் மணி ஐயரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.